மேட்டுக்கு வந்து சேரும் தாளம்

மேடையோரம் கட்டியிருக்கும் பெரிய திரையில் டிரம்மர் தெரிகிறார். குச்சியை ஓங்குகிறார், அடிக்கிறார். சத்தம் இல்லை. குச்சி மறுபடி எழுந்து அடுத்த அடிக்கு இறங்கும்போதுதான் முதல் அடியின் ஓசை உங்களிடம் வந்து சேர்கிறது. வாயசைப்பு பொருந்தாத டப்பிங் படம் பார்ப்பது போல் இருக்கிறது. திரையில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் தோன்றும். கோளாறு எதுவும் இல்லை. காற்று அவ்வளவு மெதுவாகத்தான் நடக்கும்.

நீங்கள் நிற்பது இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் மாவட்டத்தில், பில்டன் என்ற சிற்றூரை ஒட்டிய ஒரு பால் பண்ணை. ஜூன் மாதக் கடைசி வாரம். சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும் பருவம். 1970 செப்டம்பர் 19 அன்று மைக்கேல் ஈவிஸ் என்ற பண்ணைக்காரர் இங்கே முதன்முதலாக இசை விழா நடத்தினார். நுழைவுக் கட்டணம் 1 பவுண்ட். பண்ணையில் கறந்த பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். அதுதான் இன்றைய கிளாஸ்டன்பரி விழா. இப்போது 900 ஏக்கருக்கு மேல் விரிந்த நிலத்தில் 2 லட்சம் பேர் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். நிலத்துக்கும் மாடுகளுக்கும் ஓய்வு வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவையே நிறுத்திவிடுவார்கள். 2026 அப்படி ஒரு தரிசு ஆண்டு.

முதன்மை மேடைக்குப் பிரமிட் வடிவம். 1971ல் எகிப்தின் பெரிய பிரமிடைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டினார்கள். 1981ல் எழுந்த இரண்டாவது பிரமிட், விழா இல்லாத மாதங்களில் மாட்டுக் கொட்டகையாகவும் தீவனக் கிடங்காகவும் இருந்தது, 1994ல் எரிந்துபோனது. இப்போது நிற்கும் எஃகுப் பிரமிட் 2000ஆம் ஆண்டுக்கானது, 30 மீட்டர் உயரம். அதன் எதிரே நிலம் மெல்ல மேடேறுகிறது. இயற்கையே வெட்டிக் கொடுத்த அரங்கம். பெரிய பெயர்கள் பாடும் மாலைகளில் அந்தச் சரிவு முழுக்கத் தலைகள்தான்.

அந்தக் கூட்டத்தின் பின்பக்கம், மேட்டில், மேடையிலிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒளிக்கு இந்தத் தூரம் ஒரு பொருட்டே அல்ல. ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு போதும். ஒலி, 20 டிகிரி செல்சியஸ் காற்றில், விநாடிக்கு 343 மீட்டர்தான் போகும். ஆகவே உங்களிடம் வர முக்கால் விநாடிக்கும் கொஞ்சம் அதிகமாகும். பாட்டு வேகமாக இருந்தால், டிரம்மரின் அடுத்த அடியை நீங்கள் பார்த்துவிட்ட பிறகும் முந்தைய அடி வழியில்தான் இருக்கிறது.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு பாட்டு போகிறது; ஆட வைக்கும் பாட்டுகள் பெரும்பாலும் இந்த வேகத்தை ஒட்டித்தான் இருக்கும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே அரை விநாடி. அரை விநாடியில் ஒலி 171 மீட்டர் கடக்கும். எல்லாரும் சேர்ந்து கை தட்டுகிறார்கள். முன்வரிசைக்காரர் மூன்றாவது தட்டுக்குக் கை தட்டும் அதே கணத்தில், 171 மீட்டர் பின்னால் நிற்பவர் இரண்டாவது தட்டுக்குக் கை தட்டுகிறார். இருவருக்கும் நட்ட நடுவே, 86 மீட்டரில் நிற்பவரின் கைகள் சரியாக எதிர்த்தாளத்தில் விழுகின்றன. மூவரும் தாளம் தப்பவில்லை. அவரவர் காதுக்கு வந்த தாளத்துக்கு அவரவர் சரியாகவே தட்டுகிறார்கள். உயரத்திலிருந்து பார்த்தால் கைகள் மேடையிலிருந்து பின்னோக்கி, நெல் வயலில் காற்று ஓடுவது போல, அலை அலையாக எழுந்து தாழும். அந்த அலையின் வேகம் ஒலியின் வேகம். கண்ணால் ஒலியைப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

சென்னை சபாக்களில் தொடையில் தாளம் போடும் மாமாக்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. 30 மீட்டர் அரங்கில் முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் வித்தியாசம் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

மேடையில் நிற்பவரின் பாடுதான் சிரமம். 86 மீட்டர் தள்ளி நிற்பவர் தட்டும் ஓசை பாடகரிடம் திரும்பி வரும்போது முழுதாக ஒரு தட்டு பிந்தியிருக்கும். 43 மீட்டர்க்காரர் தட்டுவது எதிர்த்தாளமாக வந்து விழும். நடுவே உள்ள ஆயிரக்கணக்கானவர்களின் தட்டு இடையில் உள்ள எல்லா நேரத்திலும் வரும். அதைக் கேட்டுப் பாடினால் பாட்டு மெல்ல மெல்ல இழுபடத் தொடங்கிவிடும். காதுக்குள் சின்ன ஒலிவாங்கி மாதிரி ஒன்றைச் செருகிக்கொண்டு பாடுகிறார்களே, அது ஒலிவாங்கி அல்ல, ஒலி தருவது. கூட்டத்தை அடைத்துவிட்டு, தன் குழுவின் தாளத்தை மட்டும் காதில் வைத்துக்கொள்வதற்கான கருவி. லட்சம் பேர் தன்னோடு சேர்ந்து கை தட்டும்போது பாடகர் செய்ய வேண்டிய முதல் வேலை, அதைக் கேட்காமல் இருப்பது.

சரி, இந்தத் தாமதத்தை ஒழித்துவிட முடியாதா? முடியும். இங்கேதான் எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் பிறந்தது.

மின்சாரத்துக்கு 300 மீட்டர் கம்பி ஒரு தூரமே இல்லை. கூட்டத்தின் நடுவிலும் பின்னாலும் கோபுரம் நட்டு, அதில் ஸ்பீக்கர் கட்டி, மேடையிலிருந்து கம்பி இழுத்துவிட்டால், பாடகர் வாய் திறந்த கணத்திலேயே கடைசி ஆளுக்கும் கேட்கும். எல்லாருக்கும் ஒரே நேரம். கோபுரங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. மைதானத்தில் நடுவே நடுவே நிற்கும் உயரமான சாரக்கட்டுகள் அவைதான். ஆனால் அவற்றுக்குப் போகும் ஒலியைச் சவுண்ட் இன்ஜினியர்கள் வேண்டுமென்றே பிடித்து வைத்துத் தாமதமாக விடுகிறார்கள். 'டிலே டவர்' என்றுதான் அவற்றுக்குப் பெயரே.

காரணம், மேடை ஸ்பீக்கரின் ஒலியும் காற்று வழியாக வந்துகொண்டே இருக்கிறது. 200 மீட்டரில் உள்ள கோபுரம் உடனே ஒலித்துவிட்டால், அதன் பக்கத்தில் நிற்பவருக்குப் பாட்டு இரண்டு முறை கேட்கும்: ஒன்று கோபுரத்திலிருந்து, இன்னொன்று அரை விநாடிக்கு மேல் பிந்தி மேடையிலிருந்து. நம் ஊரில் தெருவுக்கு நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டிய திருவிழாவில் அறிவிப்பைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. 'அன்பார்ந்த, அன்பார்ந்த, பொதுமக்களே, மக்களே' என்று எல்லாம் இரட்டையாக வரும். பேச்சுக்கு அது பரவாயில்லை. இசைக்குச் சாவு.

ஆகவே காற்று நடந்து வரும் வரை மின்சாரம் காத்திருக்க வேண்டும். 200 மீட்டர் கோபுரத்துக்கு 0.58 விநாடி. இந்த எண் சரியாக இருந்தால் மேடை ஒலியும் கோபுர ஒலியும் கைகோத்துக்கொண்டு ஒரே நேரத்தில் காதுக்குள் நுழையும்.

ஒலியை அரை விநாடி பிடித்து வைப்பது இன்றைக்குக் கைபேசிகூடச் செய்யும் வேலை. ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1950களின் தொடக்கத்தில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் எதிரொலியை அடக்க இதைச் செய்தபோது, சுழலும் சக்கரத்தின் விளிம்பில் காந்தப் பூச்சுப் பூசி, ஓரிடத்தில் குரலைப் பதிந்து, சற்றுத் தள்ளி இன்னொரு தலையால் அதைப் படித்தார்கள். பதியும் இடத்துக்கும் படிக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சக்கரம் கடக்க ஆகும் நேரம்தான் தாமதம். டேப் ரெக்கார்டர் பார்த்தவர்களுக்குப் புரியும். 1973 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வாட்கின்ஸ் கிளென் கார் பந்தய மைதானத்தில், மூன்றே மூன்று குழுக்களைக் கேட்கச் சுமார் 6 லட்சம் பேர் திரண்டார்கள். டிஜிட்டல் கருவியால் ஒலியைப் பிடித்து வைத்துத் தூரத்து ஸ்பீக்கர்களுக்கு விட்ட முதல் பெரிய நிகழ்ச்சிகளில் அது ஒன்று. அத்தனை பேரும் ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டார்கள் என்று சொல்லலாம். கறாராகச் சொன்னால் அன்றைக்கும் ஒரே நேரத்தில் கேட்கவில்லை.

இதோடு கதை முடியவில்லை. இரண்டு ஒலியும் சரியாக ஒரே நேரத்தில் வந்தால், பக்கத்துக் கோபுரம்தான் சத்தமாக இருக்கும். பாட்டு கோபுரத்திலிருந்து வருவதாகவே தோன்றும். கண் மேடையில், காது கோபுரத்தில். இந்த இடத்தில் மனித மூளையின் ஒரு பலவீனம் கைகொடுக்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949ல் தன் முனைவர் பட்டத்துக்காக இதை ஆராய்ந்தார். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி குழப்பிவிடக் கூடாது என்று சோதனைக்குக் கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் போனார். ஒரே பேச்சை இரண்டு ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்த வைத்தார். விநாடியில் ஆயிரத்தில் முப்பது பங்கு வரை பிந்தினாலும் கேட்பவர்களுக்கு இரண்டு குரல் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டது. அதுவும் முதலில் வந்த ஸ்பீக்கரின் திசையிலிருந்து. பிந்தி வரும் ஒலி 10 டெசிபல் வரை கூடுதல் சத்தமாக இருந்தாலும் மூளை முதலில் வந்தவனுக்கே மாலை போட்டது.

இதைத்தான் மைதானத்தில் பயன்படுத்துகிறார்கள். கோபுரத்தின் ஒலியைக் காற்றின் கணக்குக்கு மேல் இன்னும் ஒரு சிட்டிகை, ஆயிரத்தில் பத்திருபது பங்கு, பிந்த வைப்பார்கள். மேடையிலிருந்து வரும் மெல்லிய ஒலி முதலில் காதைத் தொடுகிறது. உடனே பின்னால் கோபுரத்தின் உரத்த ஒலி வருகிறது. மூளை இரண்டையும் சேர்த்து மேடையின் கணக்கில் எழுதிவிடுகிறது. தலைக்கு மேல் பத்தடி தூரத்தில் அலறும் ஸ்பீக்கர் இருப்பதே தெரியாமல், தூரத்தில் கட்டைவிரல் அளவு தெரியும் பாடகர் நேராக நம்மைப் பார்த்துப் பாடுகிறார் என்று நம்பிக்கொண்டு நிற்கிறோம்.

அந்த எண்ணை ஒருமுறை போட்டுவிட்டால் போதாது என்பது இன்னொரு தொல்லை. காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் குறையும். பிற்பகலில் 20 டிகிரி இருந்த காற்று நள்ளிரவில் 10 டிகிரிக்கு வரும்போது, 200 மீட்டர் கோபுரத்துக்கு ஒலி வந்து சேர விநாடியில் நூற்றில் ஒரு பங்கு கூடுதலாகிறது. அற்பம்தான். ஆனால் நாம் மேலே சேர்த்தது அதே அளவு சிட்டிகைதானே? ஒலியின் கணக்கில், பொழுது சாயச் சாய மேடை மூன்றரை மீட்டர் பின்னால் நகர்ந்துவிட்டது. அதனால் வெப்பமானியைப் பார்த்துக் கோபுரங்களின் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நேரம் போனால் போகட்டும், வந்து சேருவது முழுதாக வருகிறதா என்றால் அதுவும் இல்லை. காற்று வழியிலேயே சுங்கம் வசூலிக்கிறது. ஒலி அலை காற்றை நெருக்கித் தளர்த்திக்கொண்டு போகும்போது ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகள் அதன் ஆற்றலில் கொஞ்சத்தைக் கைமாற்றாக வாங்கித் தமக்குள் அதிர்கின்றன. திருப்பியும் கொடுத்துவிடும், ஆனால் தவணை தவறி. அதற்குள் அலையின் அந்த நெருக்கம் கடந்து போயிருக்கும். வந்த பணம் வெறும் வெப்பமாகிவிடும். வேகமாக அதிரும் உச்ச ஒலிகளுக்குத்தான் இந்த நட்டம் அதிகம். 20 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கிலோமீட்டர் போனால், 63 ஹெர்ட்ஸ் அளவிலான அடித்தொண்டை ஒலி 0.1 டெசிபல்தான் இழக்கும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 5 டெசிபல் இழக்கும். சிம்பலின் 'ச்ஸ்ஸ்' இருக்கும் 8,000 ஹெர்ட்ஸ் ஒலி இழப்பது 77 டெசிபல். உங்கள் 300 மீட்டரிலேயே அதற்கு 23 டெசிபல் போய்விடும். ஆற்றலாகப் பார்த்தால் 200ல் 1 பங்குதான் கைக்கு வரும். இது காற்று குடிப்பது மட்டும். ஒலி பரவி மெலிவது தனி.

திருவிழா நடக்கும் ஊரை நெருங்கும்போது முதலில் 'தும் தும்' மட்டும் கேட்டு, கிட்டே போகப் போகத்தான் பாட்டு என்னவென்று தெரிகிறதே, அதன் காரணம் இதுதான். மெய்யெழுத்துகள் உச்ச ஒலிகளில் வாழ்கின்றன. தூரத்தில் சொற்கள் முதலில் சாகும், பிறகு ராகம், கடைசியில் தாளம் மட்டும் மிஞ்சும்.

பரவி மெலிவதற்கு ஒரு மருந்து உண்டு. மேடையின் இரண்டு பக்கமும் கடையில் தொங்கும் வாழைத்தார் போல, ஆனால் கறுப்பாக, கீழ்ப்பக்கம் வளைந்து தொங்கும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றை ஸ்பீக்கரின் ஒலி பலூன் ஊதுவது போல எல்லாப் பக்கமும் விரியும். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போகும். பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கமாக, ஒரே கோடாக வரிசைப்படுத்தினால் மேலேயும் கீழேயும் சிதறும் பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழியும். ஒலி பலூனாக இல்லாமல் உருளையாக விரியும். தூரம் இரட்டிப்பானாலும் ஒரு எல்லை வரை 3 டெசிபல்தான் குறையும். பிரெஞ்சுக்காரரான கிறிஸ்டியன் ஹைல் 1990களின் தொடக்கத்தில் இந்த வித்தையை மேடைக்குக் கொண்டு வந்தார். தாரின் மேல் சீப்புகள் மேட்டில் நிற்பவருக்கு, வளைந்த கீழ்ச் சீப்புகள் முன்வரிசைக்கு. தூக்கிக் கட்டுவதற்கும் காரணம் உண்டு: மனித உடம்பும் உடுப்பும் உச்ச ஒலிகளை நன்றாக உறிஞ்சும். தரையில் வைத்தால் முதல் பத்து வரிசையே மிச்சத்தைத் தின்றுவிடும்.

இவ்வளவையும் செய்துவிட்டு, காற்று வீசத் தொடங்கினால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். திறந்தவெளியில் பாட்டு திடீரென்று மங்கிப் பிறகு திரும்புவதைக் கேட்டவர்கள் 'காற்று பாட்டை அடித்துக்கொண்டு போகிறது' என்பார்கள். உண்மையில் அடித்துக்கொண்டு போவதில்லை, வளைக்கிறது. தரையில் புல், ஆட்கள், கூடாரம் எல்லாம் தடுப்பதால் காற்று அங்கே மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசும். காற்றோடு சேர்ந்து போகும் ஒலி அலையின் மேல்பாதி முந்திக்கொள்ள, அலை தலைகுப்புறக் கவிழ்ந்து தரையை நோக்கி வளையும். எதிர்காற்றில் மேல்பாதி பின்தங்க, அலை வானத்தைப் பார்த்து எழும்பிவிடும். எதிர்ப்பக்கம் நிற்பவரின் தலைக்கு மேலே பாட்டு போய்க்கொண்டிருக்கும். அவருக்குக் கேட்காது.

வெப்பமும் இதே வேலையைச் செய்யும். வெயிலில் தரை சூடு. தரையை ஒட்டிய காற்றில் ஒலி வேகமாகப் போகும். அலை மேல்நோக்கி வளைந்து தப்பிவிடும். மேகமில்லாத இரவில் தரை முதலில் குளிர்ந்துவிட, கீழே குளிர்காற்றும் மேலே அதைவிட வெதுவெதுப்பான காற்றும் படியும். இப்போது அலை கீழ்நோக்கி வளையும். மேலே போன ஒலியெல்லாம் மூடி போட்ட பாத்திரத்தில் அடைபட்டது போலத் தரைக்கே திரும்பி வரும். மார்கழி விடியலில் இரண்டு ஊர் தள்ளியிருக்கும் கோயில் ஸ்பீக்கரின் திருப்பாவை நம் வாசலில் நின்று பாடுவது போலக் கேட்குமே, பகலில் அதே ஸ்பீக்கர் அடுத்த தெருவுக்குக்கூட எட்டாதே! பக்தியோ அமைதியோ மட்டும் காரணமல்ல. தரை குளிர்ந்துவிட்டது.

பில்டன்காரர்களின் தூக்கம் போவதும் இதனால்தான். பகல் முழுக்க அடங்கியிருந்த அதே சத்தம் இரவில் ஊருக்குள் வந்து படுத்துக்கொள்ளும். பிரிட்டனில் 1995ல் வெளியான கச்சேரி ஒலி நெறிமுறை, ஆண்டுக்கு மூன்று நாள் வரை மட்டும் கச்சேரி நடக்கும் கிராமப்புற இடங்களில், பக்கத்து வீட்டுக்கு வெளியே 15 நிமிடச் சராசரி 65 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டு பேர் அருகருகே நின்று சற்று உரக்கப் பேசும் அளவுதான் அது. மேடை முன்னால் 100 டெசிபல், வேலிக்கு அப்பால் 65. இதற்காக ஊரைச் சுற்றி மீட்டரோடு ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள்.

அவர்கள் பெரும்பாலும் துரத்துவது பேஸ் ஒலியை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலைக்கு நீளம் எட்டரை மீட்டர். மரம், வேலி, வீட்டுச் சுவர் எதையும் அது மதிப்பதில்லை. சுற்றி வளைந்து போய்விடும். முன்பக்கம் எவ்வளவு போகிறதோ கிட்டத்தட்ட அதே அளவு மேடையின் முதுகுப்பக்கமும் போகும். இதை அடக்கச் சில பேஸ் பெட்டிகளைப் பின்புறமாகத் திருப்பி வைத்து, அவற்றுக்கு ஒலியைத் தலைகீழாக்கி, சரியான அளவு பிந்த வைத்து விடுகிறார்கள். முன்னால் இரண்டு அலையும் கூடும். பின்னால் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் போய் விழுந்து சமன்படும். சத்தத்தைச் சத்தத்தால் அணைப்பது. மேடையின் பின்பக்கம் போய் நின்றால், முன்னால் லட்சம் பேரின் நெஞ்சைக் குலுக்கும் அந்த இடி வெறும் முனகலாக இருக்கும்.

நெஞ்சு குலுங்குவது வெறும் பேச்சல்ல. உள்காதில், நத்தை வடிவக் கேட்கும் உறுப்பின் பக்கத்திலேயே, உடம்பின் நிலையை உணரும் சின்னப் பைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உரத்த பேஸ் ஒலிக்கும் துடிக்கும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், கச்சேரி மண்டபமாகவும் ஆய்வுக்கூடமாகவும் உள்ள ஓர் இடத்தில் நடத்திய சோதனை 2022ல் வெளியானது. மின்னணு இசைக்குழு ஒன்று நிஜமாகவே கச்சேரி செய்தது. ஆடுபவர்களின் தலையில் அசைவை அளக்கும் பட்டை. இடையில் 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலியை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டும் அணைத்தும் பார்த்தார்கள். அது ஒலிப்பதைக் கூட்டத்தால் பிரித்தறியவே முடியவில்லை. ஆனால் அது இருந்தபோது ஆட்டம் 11.8 சதவீதம் கூடியது. காதுக்குத் தெரியாத ஒன்றுக்குக் கால்கள் பதில் சொன்னன.

கூட்டம் என்பது தனி இயற்பியல். கச்சேரி முடிந்து கொட்டும் கைதட்டல் முதலில் மழை மாதிரி தாறுமாறாக இருக்கும். சற்று நேரத்தில் யாரும் சொல்லாமலே ஒரே தாளத்துக்கு வரும். பிறகு மறுபடி கலைந்துவிடும். 2000ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஒன்றுசேரும்போது ஒவ்வொருவரும் தம் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டியது. மெதுவாகத் தட்டும்போது ஆளுக்கு ஆள் வேறுபாடு குறைவு, அதனால் இணைய முடிகிறது. ஆனால் பாதி வேகம் என்றால் சத்தமும் குறைவு. உற்சாகம் தாங்காமல் வேகத்தைக் கூட்டுகிறார்கள், உடனே இணைப்பு அறுந்துவிடுகிறது.

நெருக்கம் கூடினால் விளையாட்டு மாறிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் என்று ஆகும்போது கூட்டம் கிட்டத்தட்டத் திரவமாகிவிடுகிறது. யாருடைய காலும் அவர் சொல்வதைக் கேட்காது. ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில், காளை ஓட்டத் திருவிழாவின் தொடக்க நாளில் சதுக்கத்தை நிறைக்கும் ஐயாயிரம் பேரை மாடிகளிலிருந்து படம் பிடித்து ஆராய்ந்தவர்கள், 2025ல் வியப்பான ஒன்றைச் சொன்னார்கள். குறிப்பிட்ட நெரிசலுக்கு மேல் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்தாற்போல் வட்டமாக ஊசலாடத் தொடங்குகிறார்கள். ஒரு சுற்றுக்கு 18 விநாடி. உள்ளே நிற்பவருக்கு அது தெரியாது. யாரோ தள்ளுகிறார்கள் என்றுதான் நினைப்பார். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில், மேடை முன் நெரிசலில் 9 இளைஞர்கள் இறந்தார்கள். பெரிய விழாக்களில் மேடைக்கு முன்னால் தடுப்புகளைக் குறுக்கே போட்டுக் கூட்டத்தைத் தனித்தனிப் பாத்திகளாகப் பிரிப்பது, அலை ஒரு பாத்தியைத் தாண்டக் கூடாது என்பதற்காக. வயலில் வரப்பு மாதிரி. பார்ப்பதற்கு அழகாக இல்லை என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். இருக்கட்டும்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி விழாவுக்கு 51 பேரை அழைத்துப்போய், சீட்டுப் போட்டது போலப் பிரித்து, பாதிப் பேருக்குக் காதடைப்பான் கொடுத்தார்கள். நாலரை மணி நேரம், சராசரி 100 டெசிபல். வெளியே வந்ததும் செவித்திறனைச் சோதித்தபோது, அடைப்பான் போட்டவர்களின் காதுகளில் 8 சதவீதமும், போடாதவர்களின் காதுகளில் 42 சதவீதமும் தற்காலிகமாக மந்தமாகியிருந்தன. நுரைப்பஞ்சைச் செருகிக்கொண்டால் இசை கெட்டுவிடும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. மறுநாள் காலை 'ஙொய்ய்' என்று காதுக்குள் ஒலிக்கும் சுருதியை அவர்கள் ரசிக்கிறார்களோ என்னவோ.

நள்ளிரவு நெருங்குகிறது. களிமண் பூமி, முந்தின நாள் பெய்த மழையில் ரப்பர் பூட்ஸ் கணுக்கால் வரை புதைகிறது. கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டீர்கள். கூடாரம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, வேலியோரம். வானம் தெளிந்துவிட்டதால் தரை குளிர்கிறது. அதனால் நடக்க நடக்கச் சத்தம் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. முதலில் சிம்பல் மறைகிறது. பிறகு சொற்கள். கித்தார் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு வளைவில், பின்னால் திரும்பிப் பார்த்தால் பிரமிடின் உச்சி விளக்கு மட்டும் மேட்டுக்கு மேலே தெரிகிறது.

கூடாரத்துக்குள் படுத்தால் துணி மெல்ல அதிர்கிறது. தும், தும், தும். நீங்கள் இப்போது கேட்கும் அடி மேடையை விட்டுக் கிளம்பி நாலு விநாடிக்கு மேல் ஆகிறது. தூரத்தில் வெளிச்சம் சட்டென்று அணைகிறது. டிரம்மர் குச்சிகளைக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டு எழுந்து போயிருப்பார். கூடாரத்தில் தும், தும் என்று இன்னும் எட்டுத் தட்டு பாக்கி இருக்கிறது.